காணாக்கடி: வெயில் கடித்தால் என்ன வைத்தியம்?

சில வருடங்களுக்கு முன், ஒரு மே மாதம். திண்டுக்கல் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். காலை 11 மணி வாக்கில் பசங்களோடு பெரியப்பா தோட்டத்துக் கிணற்றுக்குக் குளிக்கப் போனோம். சட்டையைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு, தண்ணி எவ்வளவு கெடக்கு, மோட்டார் எப்ப போட்டாங்க என்று பேசிக்கொண்டே பத்து நிமிஷம் நின்றிருப்பேன். அப்புறம் குதித்து, ரெண்டு சுற்று நீந்தி மேலே ஏறினால் முதுகும் மார்பும் பயங்கர அரிப்பு. குனிந்து பார்த்தால் மார்பு முழுக்கத் தடிப்பு தடிப்பாக வீங்கியிருந்தது. கம்பளிப்பூச்சி மேலே ஊர்ந்து போனால் எப்படித் தடிக்குமோ அப்படி, ஆனால் நூறு பூச்சி ஊர்ந்த மாதிரி.

பசங்க பயந்துவிட்டார்கள். பெரியப்பா வந்து பார்த்துவிட்டு, "தண்ணி ஒத்துக்கலடா, ரொம்ப நாளா எறைக்காத கெணறு" என்றார். வீட்டுக்குப் போனதும் அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "காணாக்கடி."

கடித்தது எது என்று கண்ணுக்குத் தெரியாது, கடித்த தடம் மட்டும் தெரியும். அதனால் காணாக்கடி. வெற்றிலையில் மிளகு வைத்து மடித்துக் கொடுத்தார். மென்றேன். முக்கால் மணி நேரத்தில் தடிப்பு எல்லாம் அடங்கி, உடம்பு பழைய மாதிரி ஆகிவிட்டது. "பாத்தியா?" என்றார் அம்மா.

அன்று எனக்கு ஒரு விஷயம் உறைக்கவில்லை. முகத்திலும் முன்கையிலும் ஒரு தடிப்புகூட இல்லை. அதை மட்டும் கவனித்திருந்தால் மூன்று வருடம் மிச்சமாகியிருக்கும்.

எல்லா வைத்தியமும் பலித்த மூன்று வருடம்

எனக்கு வேலை கண்மாய்களில் மண் மாதிரி எடுப்பது. மாதத்தில் பத்து நாளாவது வெயிலில் நிற்க வேண்டும். கிணற்றுச் சம்பவத்துக்கு அப்புறம் வேலையிடத்திலும் தடிப்பு வர ஆரம்பித்தது. ஆனால் வந்த இடம்தான் குழப்பம். தோள், மேல் முதுகு, மார்பு. எல்லாமே சட்டைக்கு உள்ளே. நாள் முழுக்க வெயில் படுகிற முகத்திலும் கையிலும் எதுவும் இல்லை. அப்புறம் வெயில் மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? சோப்பை மாற்றினேன், துணி துவைக்கிற பவுடரை மாற்றினேன். கத்தரிக்காயை விட்டேன், கருவாட்டை விட்டேன் (இது நிஜமாகவே கஷ்டமாக இருந்தது). ஒரு சித்த வைத்தியர் சிரியாநங்கை கொடுத்தார். ஒரு கிளினிக்கில் ஊசி போட்டார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால் எல்லாமே வேலை செய்தது. மிளகு வேலை செய்தது, ஊசி வேலை செய்தது, சும்மா ஈரத்துண்டு போட்டுப் படுத்ததும் வேலை செய்தது. காரணம் ரொம்பச் சாதாரணம். இந்த வகைத் தடிப்பு, நிழலுக்கு வந்துவிட்டால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானாகவே அடங்கிவிடும். தானாக அடங்குகிற நோய்க்கு எந்த மருந்தைக் கொடுத்தாலும் அந்த மருந்துக்குப் பெயர் வந்துவிடும். ஒரு வைத்தியம் பலிக்கிறதா என்று பார்க்க, தடிப்பு அடங்கியதா என்று பார்த்தால் போதாது. அடுத்த தடவை வெயிலில் நின்றால் வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதை நான் மூன்று வருடம் பார்க்கவில்லை.

டாக்டரிடம் போனாலும் இதே சிக்கல் வேறு ரூபத்தில். கிளினிக்குக்குப் போய், டோக்கன் வாங்கி, ஒரு மணி நேரம் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, உள்ளே போய்ச் சட்டையைத் தூக்கினால் தோல் கண்ணாடி மாதிரி இருக்கும். "எங்கே?" என்பார். நான் திருதிருவென்று முழிப்பேன். ஒரு செட்டிரிசின் எழுதித் தருவார்.

துண்டு, கண்ணாடி, சாயங்காலக் கிணறு

விஷயம் பிடிபட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில். முதுகில் பாதியைத் துண்டால் மூடிக்கொண்டு, பனியனைக் கழற்றி, எட்டு நிமிஷம் வெயிலில் குப்புறப் படுத்தேன். மனைவி போட்டோ எடுத்தார். துண்டு மூடிய பாதி சுத்தம். மூடாத பாதி முழுக்கத் தடிப்பு. நடுவில் துண்டின் ஓரம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி தெரிந்தது. அடுத்த முறை ஊருக்குப் போனபோது, பொழுது சாய்ந்த பிறகு அதே கிணற்றில் அரை மணி நேரம் குளித்தேன். ஒன்றும் வரவில்லை. கிணற்றுத் தண்ணீர் மேல் இருந்த பழி அன்றோடு தீர்ந்தது.

மூன்றாவது சோதனை தற்செயலாக நடந்தது. கை இல்லாத பனியனோடு காரில் போகும்போது, ஏற்றிவிட்ட ஜன்னல் கண்ணாடி வழியாகத் தோளில் வெயில் பட்டது. கண்ணாடி மூடியிருந்தும் தடிப்பு வந்தது. இது ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

இதைப் படித்துவிட்டு யாரும் பாதி முதுகைக் காட்டிச் சோதிக்காதீர்கள். நான் செய்தது முட்டாள்தனம். உடம்பின் பெரும் பரப்பில் ஒரே நேரத்தில் தடிப்பு வந்தால் தலைசுற்றல், வாந்தி, மூச்சுத் திணறல், மயக்கம் வரை போகலாம். அப்படி ஒரு முறை வந்திருந்தால் அது அவசர சிகிச்சைக்கு உரிய விஷயம். அட்ரினலின் ஊசிதான் உயிர் காக்கும். மற்றவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: தானாகத் தடிப்பு வரும்போது மொபைலில் போட்டோ எடுத்து, எத்தனை மணிக்கு வெயிலில் போனேன், எத்தனை மணிக்கு வந்தது, எப்போது அடங்கியது என்று எழுதி வைப்பது. அந்த போட்டோவையும் மூன்று நேரத்தையும் பார்த்த தோல் மருத்துவர் அம்மா ஐந்து நிமிஷத்தில் பெயர் சொன்னார்: சோலார் அர்ட்டிகேரியா. தமிழில் சொல்வதென்றால் வெயில் காணாக்கடி.

வெயிலால் வருவதெல்லாம் ஒன்றில்லை

வெயில் பட்டால் தோலில் ஏதாவது வருகிறது என்று சொன்னதும் டாக்டர் மூன்று கேள்வி கேட்கிறார். எவ்வளவு சீக்கிரம் வருகிறது? எவ்வளவு நேரம் இருக்கிறது? எங்கே வருகிறது? இந்த மூன்றிலேயே பாதி நோய் பிரிந்துவிடும்.

வெயிலில் போன சில நிமிஷத்தில் தடிப்பு வந்து, நிழலுக்கு வந்த சில மணியில், அதிகம் போனால் 24 மணிக்குள், தடம் இல்லாமல் மறைந்தால் அது வெயில் காணாக்கடியாக இருக்கலாம்.

சில மணி கழித்தோ மறுநாளோ சின்னச் சின்னப் பருக்கள் அரிப்போடு வந்து, சில நாள் தங்கிப் போனால் அது பாலிமார்ஃபிக் லைட் இரப்ஷன். வெயில் சொறிகளில் அதிகம் பேருக்கு வருவது இதுதான்.

கன்னம், மூக்கு மேல் சிவந்த படை வாரக்கணக்கில் இருந்து, கூடவே மூட்டு வலி, வாய்ப்புண், காய்ச்சல், முடி கொட்டுதல் இருந்தால் லூபஸ் இருக்கிறதா என்று ரத்தம் பார்க்க வேண்டும்.

சின்னப் பிள்ளை வெயிலில் போன கொஞ்ச நேரத்தில் கை எரியுது, சுடுது என்று அழுது தண்ணீரில் கையை விட்டுக்கொண்டே இருக்கிறது, ஆனால் தோலைப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. இப்படி என்றால், நடிக்கிறது என்று அதட்டிவிடாதீர்கள். எரித்ரோபாய்டிக் புரோட்டோபார்ஃபைரியா என்று ஒரு அரிய பரம்பரை நோய் இருக்கிறது. ரத்தச் சிவப்பணுவில் புரோட்டோபார்ஃபைரின் என்ற பொருள் சேர்ந்து, அது வெளிச்சத்தை வாங்கி ரத்தக் குழாய்ச் சுவரைச் சுடுகிறது. ரத்தத்தில் பார்ஃபைரின் அளவைப் பார்த்தால் தெரிந்துவிடும். அதற்கு வைத்தியமே வேறு. தோலுக்கு அடியில் பதிக்கும் அஃபமெலனோடைட் என்ற மருந்துக்கு ஐரோப்பாவில் 2014-லும் அமெரிக்காவில் 2019-லும் அனுமதி கிடைத்தது.

இன்னொன்று, மாத்திரை. டாக்சிசைக்ளின், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் தயசைடு வகை மாத்திரைகள், சில வலி நிவாரணிகள் எல்லாம் வெயிலோடு சேர்ந்து தோலில் வினை செய்யக்கூடியவை. டாக்டரிடம் போகும்போது என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்ற சீட்டையும் எடுத்துப் போங்கள்.

நம் ஊர்த் தோலுக்கு ஒரு குறிப்பு. புத்தகத்தில் போட்டிருக்கும் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் இளஞ்சிவப்புத் தடிப்பு. மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு சரியாகத் தெரியாது. அதனால் சிவப்பைத் தேடாதீர்கள், மேட்டைத் தேடுங்கள். விரலால் தடவினால் மேடு தெரியும். போட்டோவும் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தால் நன்றாக விழும்.

தோலுக்குள் நடப்பது என்ன

தோலில் மாஸ்ட் செல் என்று ஒரு வகைச் செல் இருக்கிறது. பால் எர்லிக் 1878-ல் மாணவராக இருக்கும்போதே தன் ஆய்வேட்டில் விவரித்த செல் இது. உள்ளே ஹிஸ்டமின் நிறைந்த பொட்டலங்கள். யாராவது விசையைத் தட்டினால் பொட்டலம் உடைந்து ஹிஸ்டமின் கொட்டும். ரத்தக் குழாய் கசியும், தோல் மேடாகும், நரம்பு அரிக்கும். எந்தக் காணாக்கடியிலும் கடைசியில் நடப்பது இதுதான். கேள்வி, விசையைத் தட்டுவது யார் என்பது.

வெயிலால் உடனே தடிப்பு வரும் நோயாளியை மெர்க்லென் என்பவர் 1904-ல் விவரித்தார். சோலார் அர்ட்டிகேரியா என்ற பெயர் 1923-ல் டியூக் என்ற அமெரிக்க மருத்துவர் வைத்தது. ஆனால் வெளிச்சம் எப்படி அலர்ஜி ஆகும்? அதில் புரதமும் இல்லை, தூசியும் இல்லையே?

இதற்கு வழி காட்டியது ஒரு மீன் அலர்ஜி. 1921-ல் ஜெர்மனியில் பிராஸ்னிட்ஸ், கூஸ்ட்னர் என்று இரண்டு டாக்டர்கள். கூஸ்ட்னருக்கு மீன் ஆகாது. அவருடைய ரத்தநீரைப் பிராஸ்னிட்ஸ் தன் தோலில் ஊசி வழியாக ஏற்றிக்கொண்டார். பிறகு அதே இடத்தில் மீன் சாறு ஏற்றினால், மீன் அலர்ஜியே இல்லாத அவருக்கும் அங்கே தடிப்பு வந்தது. அலர்ஜி ரத்தநீரில் பயணம் செய்யும் என்று அன்று தெரிந்தது. அந்தப் பயணிதான் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதம் என்று 1960-களில் இஷிசாகா தம்பதியும் ஸ்வீடன் ஆய்வாளர்களும் கண்டுபிடித்தார்கள்.

வெயில் காணாக்கடியிலும் இதே மாதிரி பார்த்தார்கள். நோயாளியின் ரத்தநீரைக் குழாயில் எடுத்து, வெளிச்சம் காட்டி, பிறகு அவருடைய தோலிலேயே கொஞ்சம் ஏற்றினால் வெயிலே படாத அந்த இடத்தில் தடிப்பு வருகிறது. எல்லாருக்கும் வருவதில்லை, கணிசமான பேருக்கு வருகிறது. அப்படியானால் உடம்பில் ஏற்கெனவே இருக்கும் ஏதோ ஒரு மூலக்கூறு வெளிச்சத்தை வாங்கி உருமாறுகிறது. உருமாறியதை உடம்பு அந்நியன் என்று நினைத்து ஐஜிஇ வழியாக விசையைத் தட்டுகிறது. வெயில் வெறும் தீக்குச்சி. வெடிமருந்து நம்மிடமே இருக்கிறது.

எந்த வெளிச்சம்?

வெயில் என்று ஒரே சொல்லில் சொல்கிறோம். அதில் அலைநீளம் வாரியாகப் பல கூறுகள் உண்டு. சுமார் 290 முதல் 320 நானோமீட்டர் வரை புற ஊதா பி. 320 முதல் 400 வரை புற ஊதா ஏ. 400-க்கு மேல் 700 சொச்சம் வரை கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம். தோலைச் சுட்டுக் கன்ற வைப்பது பெரும்பாலும் பி. சாதாரண ஜன்னல் கண்ணாடி பி-யைத் தடுத்துவிடும். ஏ-யின் பெரும் பகுதியையும் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தையும் உள்ளே விட்டுவிடும்.

காருக்குள் எனக்குத் தடிப்பு வந்தது ஏன் முக்கியம் என்று இப்போது புரிந்திருக்கும். என் எதிரி புற ஊதா பி இல்லை. அதனால்தான் எஸ்பிஎஃப் 50 என்று போட்ட சன்ஸ்கிரீனை அப்பிக்கொண்டு போயும் பலனில்லை. எஸ்பிஎஃப் என்ற எண் தோல் கன்றிப்போவதை வைத்து அளப்பது, அதாவது முக்கியமாகப் பி-யைத் தடுக்கும் அளவு. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்கு அது பதில் சொல்லாது.

சரியாகத் தெரிந்துகொள்ள போட்டோடெஸ்ட் செய்கிறார்கள். அலர்ஜி மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். வெயில் படாத முதுகிலோ இடுப்புக்குக் கீழோ சின்னச் சின்னக் கட்டங்களில் ஒவ்வொரு வகை வெளிச்சத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் காட்டுவார்கள். எவ்வளவில் முதல் தடிப்பு வருகிறதோ அதுதான் உங்கள் வாசல் அளவு. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைச் சோதிக்கப் பல இடங்களில் பயன்படுத்தியது என்ன தெரியுமா? பழைய ஸ்லைடு புரொஜெக்டர்! எனக்கும் அதே. பள்ளிக்கூடத்தில் படம் காட்டிய அந்தப் பெட்டி என் முதுகில் வெளிச்சம் அடித்து, சில நிமிஷத்தில் சதுரமாக ஒரு தடிப்பை எழுப்பியது. மூன்று வருடமாகக் காணாமல் கடித்ததை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

வைத்தியம்: படிப்படியாக

முதல் படி, மறைப்பு. மெல்லிய வெள்ளைப் பருத்திச் சட்டை காற்றோட்டமாக இருக்கும், ஆனால் வெளிச்சத்தை உள்ளே விடும். வியர்வையில் நனைந்தால் இன்னும் அதிகமாக விடும். என் தடிப்பு சட்டைக்குள் வந்த ரகசியம் இதுதான். நெருக்கமாக நெய்த, அடர்ந்த நிறத் துணி வேண்டும். துணியைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், மறுபக்கம் தெரிந்தால் அது உங்களுக்கு ஆகாது. சன்ஸ்கிரீனில் இரும்பு ஆக்சைடு சேர்த்த, தோல் நிறத்தில் வரும் வகைதான் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை ஓரளவு தடுக்கும். காவிக்கல்லுக்கு நிறம் கொடுப்பதும் இதே இரும்பு ஆக்சைடுதான்.

இரண்டாம் படி, ஹிஸ்டமினைத் தடுக்கும் மாத்திரை. தூக்கம் அதிகம் வராத புதிய வகைகள்: செட்டிரிசின், ஃபெக்சோஃபெனடின், பிலாஸ்டின் போன்றவை. முதல் டாக்டர் எழுதியதும் இதுதானே என்று கேட்கலாம். சரிதான், ஆனால் தடிப்பு வந்த பிறகு ஒன்று போட்டேன். முறை அதுவல்ல. தினமும் தவறாமல் போட வேண்டும், வெயிலுக்குப் போவதற்கு முன்பே உடம்பில் இருக்க வேண்டும். ஒன்று போதாவிட்டால் டாக்டர் மேற்பார்வையில் வழக்கமான அளவைப் போல் நான்கு மடங்கு வரைகூட உயர்த்துவது உண்டு. நீங்களாக உயர்த்தாதீர்கள். சிலருக்கு இதுவே போதும். எனக்கு அரிப்பு பாதியானது, தடிப்பு நிற்கவில்லை.

மூன்றாம் படிதான் எனக்கு நம்ப முடியாமல் இருந்தது. "உங்களுக்கு வெளிச்சமே கொடுக்கப் போறோம்" என்றார் டாக்டர்.

முகமும் கையும் ஏன் தப்பின என்ற கேள்வி நினைவிருக்கிறதா? தினமும் வெயில் படும் தோல் பழகிவிடுகிறது. மூடி வைத்த தோல்தான் பொங்குகிறது. ஒரு இடத்தில் தடிப்பு வந்து அடங்கினால், அடுத்த சில மணி நேரத்துக்கு அதே இடத்தில் மறுபடி வெயில் பட்டாலும் தடிப்பு வராது, அல்லது குறைவாக வரும். மாஸ்ட் செல்லின் பொட்டலம் தீர்ந்துபோவது ஒரு விளக்கம். விசைகள் எல்லாம் ஏற்கெனவே அடைபட்டுவிட்டன என்பது இன்னொரு விளக்கம். இந்த இடைவெளியைப் பயன்படுத்தி, தடிப்பு வராத அளவில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால் வாசல் அளவு உயர்கிறது. இதற்கு ஹார்டனிங் என்று பெயர், தோலைப் பழக்குவது. புற ஊதா ஏ கொண்டு ஒரே நாளில் பல முறை காட்டி, இரண்டு மூன்று நாளிலேயே பழக்கும் வேக முறையும் உண்டு.

எனக்குக் கொடுத்தது 311 நானோமீட்டர் புற ஊதா பி. வெண்புள்ளிக்கும் சொரியாசிஸுக்கும் தரும் அதே குழல்விளக்குக் கூண்டு. நம் ஊரிலும் பல தோல் மருத்துவமனைகளில் இருக்கிறது. எனக்கு எதிரி பி இல்லை என்பதே இங்கே வசதியாகிவிட்டது. தடிப்பைக் கிளப்பாமலே தோலைப் பழக்க முடிகிறது. கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உள்ளே நிற்க வேண்டும். முதல் நாள் நொடிக்கணக்கில்தான். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதல்.

சோரலின் மாத்திரையோடு புற ஊதா ஏ காட்டும் முறையும் இருக்கிறது. நம் கார்போகரிசியில் இருப்பதும் இந்தச் சோரலின்தான். அதற்காகக் கார்போகரிசியை அரைத்துப் பூசிக்கொண்டு வெயிலில் நிற்காதீர்கள். அளவு தெரியாமல் செய்தால் தோல் கொப்பளித்துவிடும்.

இதெல்லாம் பலிக்காதவர்களுக்கு நான்காம் படி, ஓமலிசுமாப் ஊசி. ஐஜிஇ-யைப் பிடித்துக் கட்டிப்போடும் மருந்து, பெரும்பாலும் 4 வாரத்துக்கு ஒரு முறை. சாதாரண நாள்பட்ட காணாக்கடிக்கு இதற்கு அனுமதி இருக்கிறது. வெயில் காணாக்கடியில் சிலருக்கு அற்புதமாகக் கேட்கிறது, சிலருக்குக் கேட்பதே இல்லை. விலையும் அதிகம். மிகக் கடுமையான நிலையில் ரத்தநீரை மாற்றுவதும், இம்யூனோகுளோபுலின் ஏற்றுவதும் உண்டு.

யாருக்கு இது ஆகாது

இந்தப் பத்தியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். வெயிலைக் கொண்டே வெயிலைப் பழக்குவது எல்லாருக்கும் பொருந்தாது. லூபஸ் உள்ளவருக்குப் புற ஊதா பட்டால் தோல் மட்டும் இல்லை, உள் உறுப்பு நோயும் கிளம்பலாம். சீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற பரம்பரை நோயில் புற ஊதா செய்யும் சேதத்தைச் செல்லால் சரிசெய்ய முடியாது. அந்தப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு நிமிஷ வெயிலும் தோல் புற்றுநோயை நோக்கி ஒரு அடி. அவர்களுக்கு முழு மறைப்பு ஒன்றுதான் வைத்தியம். அதனால்தான் முதலில் பெயர், பிறகு மருந்து. பெயர் தெரியாமல் "காலை வெயில்ல நில்லுங்க, பழகிடும்" என்பதும் தப்பு. பெயர் தெரியாமல் "வெயில்லயே போகாதீங்க" என்பதும் தப்பு.

இரண்டாவது அறிவுரையை எனக்கு ஒரு இடத்தில் சொன்னார்கள். கேட்டிருந்தால் வேலையை விட்டிருப்பேன். மூடி வைத்த தோல் இன்னும் கூச்சப்பட்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கே பயந்து உட்கார்ந்திருப்பேன். இந்த நோயோடு வீட்டுக்குள் முடங்கிப்போகிறவர்கள் உண்டு. வெளியே போகாததால் வைட்டமின் டி குறைந்து எலும்பு வலியும் சேர்ந்துகொள்ளும்.

என் கணக்கு

குணமாகிவிட்டதா என்று கேட்டால், இல்லை. ஸ்காட்லாந்தின் டண்டீயில் 87 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2003-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. இந்த நோய் முற்றிலும் விட்டுப்போகும் வாய்ப்பு 5 வருடத்தில் 12 சதவீதம், 10 வருடத்தில் 26, 15 வருடத்தில் 36. டாக்டர் இந்த எண்ணைச் சொன்னபோது சோர்ந்துதான் போனேன். அப்புறம் யோசித்தால், எனக்கு வேண்டியது நோயிலிருந்து விடுதலை என்பதைவிட கண்மாய்க் கரையில் நிற்க ஒரு மணி நேரம்.

ஆரம்பத்தில் ஐந்து நிமிஷத்தில் தடிப்பு. இரண்டு மாதக் கூண்டுச் சிகிச்சைக்கு அப்புறம், மாத்திரையோடு, நாற்பது நிமிஷம் தாங்கியது. அதைக் காப்பாற்ற டாக்டர் கொடுத்த கணக்குப்படி தினமும் காலையில் மொட்டை மாடியில் சட்டை இல்லாமல் நிற்கிறேன், மொபைலில் டைமர் வைத்துக்கொண்டு. பக்கத்து வீட்டுப் பெரியவர் சூரிய நமஸ்காரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நானும் திருத்தவில்லை.

போன ஐப்பசியில் அடைமழை, கூடவே காய்ச்சல். மூன்று வாரம் மாடிக்குப் போகவில்லை. மழை விட்டதும் பழைய தைரியத்தில் கண்மாய்க்குப் போனேன். பதினைந்து நிமிஷத்தில் தோள் முழுக்கத் தடித்துவிட்டது. பழகிய தோல் பழக்கம் விட்டால் மறந்துவிடும். மறுபடி இரண்டு நிமிஷத்திலிருந்து ஆரம்பித்தேன். பொங்கல் வரும்போது அரை மணி நேரத்துக்கு வந்துவிட்டேன்.

தை மாதம் ஊருக்குப் போனபோது காலை எட்டு மணிக்குக் கிணற்றில் குதித்தேன். ஏறி வந்ததும் அம்மா முதுகைத் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். மேடு இல்லை.

"மிளகு வெத்தலை வேணாமா அப்ப?" என்றார்.

குடுங்கம்மா, என்று வாங்கி மென்றேன். அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது.